ஓவனில் ஸ்குவாஷ் சுடப் பழகும் பிள்ளைகளுக்கு

செப்டம்பர் முடியும் சமயத்தில் மாசசூசெட்ஸ் பக்கத்துப் பண்ணைக் கடைகளில் ஸ்குவாஷ் வந்து குவியும். பழுப்பு, கரும்பச்சை, ஆரஞ்சு, சாம்பல் நீலம் என்று மரப்பெட்டிகளில் நிரப்பி வாசலிலேயே வைத்திருப்பார்கள். படிப்புக்கும் வேலைக்கும் புதிதாக வந்த நம் பிள்ளைகள் அதைப் பார்த்ததும், நம் ஊர்ப் பரங்கிக்காய் கிடைத்துவிட்டது என்று சந்தோஷமாக வாங்கிப் போய்ச் சாம்பாரில் போடுகிறார்கள். இல்லாவிட்டால் கூட்டு வைக்கிறார்கள். அதில் குறை ஒன்றும் இல்லை. ஆனால் இந்த ஊர்க்காரர்கள் அதை ஓவனில் சுட்டு, சிவக்கக் காய்ச்சிய வெண்ணெயும் வறுத்த கொட்டையும் சேர்த்துச் சாப்பாட்டுக்குத் துணையாக வைக்கிற பக்குவம் தனி. அதைக் கற்றுக்கொள்ளாமல் இங்கே ஒரு குளிர்காலத்தைக் கழிப்பது பெரிய நஷ்டம்.

எங்கள் ஊர்த் தமிழ்ப் பிள்ளைகள் பலர் என் சமையலறையில் நின்று இதைப் பழகிக்கொண்டு போயிருக்கிறார்கள். அவர்களுக்குச் சொன்னதையே இங்கே வரிசையாக எழுதுகிறேன். அடிப்படை ஒன்றுதான். இனிப்பு காயிலேயே இருக்கிறது. காயிலுள்ள தண்ணீரை வெளியேற்றி அந்த இனிப்பைத் திரட்டுவதுதான் நம் வேலை. இது மனதில் பதிந்துவிட்டால் மற்றதெல்லாம் தானாக வரும்.

1. முதலில் நகத்தை அழுத்திப் பாருங்கள்.

முற்றிய ஸ்குவாஷின் தோலில் நகம் இறங்காது. இறங்கினால் அது பிஞ்சு. அதில் இனிப்பு ஏறியிருக்காது. எவ்வளவு நேரம் சுட்டாலும் சப்பென்றுதான் இருக்கும். தோல் பளபளவென்று மின்னினாலும் வாங்காதீர்கள். முற்றிய காயின் தோல் மங்கலாக இருக்கும். பட்டர்நட் என்றால் காம்புப் பக்கம் பச்சைக் கோடு எதுவும் இல்லாமல் முழுக்க வெளிர்பழுப்பாக இருக்க வேண்டும். சாதாரண ஏகார்ன் கரும்பச்சையாக, தரையில் படுத்திருந்த பக்கம் மட்டும் ஓர் ஆரஞ்சுத் திட்டோடு இருக்க வேண்டும். அந்தத் திட்டே இல்லையென்றால் முற்றவில்லை. பாதிக்குமேல் ஆரஞ்சாகிவிட்டால் பருவம் கடந்து நாரோடிவிட்டது.

காம்பையும் பாருங்கள். காய்ந்து தக்கையாகி, காயோடு ஒட்டிக்கொண்டிருக்க வேண்டும். காம்பு பிய்ந்த காயில் அந்தக் குழியிலிருந்துதான் அழுகல் தொடங்கும். ஒரே அளவுள்ள இரண்டு காய்களில் கனமானதை எடுங்கள்.

2. எந்தக் காய் எதற்கு என்று தெரிந்துகொள்ளுங்கள்.

ஸ்குவாஷ் என்று ஒரே பெயரில் விற்றாலும் குணம் வேறு வேறு.

பட்டர்நட் இந்த மாநிலத்திலேயே பிறந்தது. 1940களில் ஸ்டோ என்ற ஊரில் சார்லஸ் லெகெட் என்பவர் உருவாக்கியது. பிறகு வால்தம் ஊரிலிருந்த வேளாண் நிலையத்தில் சீர்திருத்திய ‘வால்தம் பட்டர்நட்’ 1970இல் ஆல்-அமெரிக்கா செலக்‌ஷன்ஸ் விருது பெற்றது. கழுத்துப் பாகம் முழுக்கச் சதை, விதை கிடையாது. துண்டு போட வசதி. முதன்முதலாகச் சுடுகிறவர்கள் இதிலிருந்தே தொடங்குங்கள். நீண்ட கழுத்தும் சிறிய அடியும் உள்ள காயைப் பொறுக்கினால் சதை அதிகம் கிடைக்கும்.

ஹனிநட் அதன் சின்ன வடிவம், கைக்குள் அடங்கிவிடும். டான் பார்பர் என்ற சமையல் வல்லுநர் 2009இல் கார்னெல் பல்கலைக்கழகத்தின் பயிர்ப்பெருக்க ஆய்வாளர் மைக்கேல் மசூரெக்கிடம், ருசியை முன்வைத்து ஒரு சின்ன பட்டர்நட்டை வளர்த்துத் தரக்கூடாதா என்று கேட்டார். அந்தப் பேச்சின் பலன் இது. பச்சையாக இருந்து பழுத்ததும் ஆரஞ்சாக மாறுவதால் முற்றியதா என்று சந்தேகமே வராது. விலை கொஞ்சம் கூடுதல். தனியாக இருக்கும் பிள்ளைக்கு ஒரு வேளைக்கு ஒரு காய் சரியாக இருக்கும். இரண்டாகப் பிளந்து சுட்டால் போதும்.

ஏகார்ன், 1913இல் அயோவா சீட் கம்பெனி ‘டேபிள் குயின்’ என்று விற்பனைக்குக் கொண்டுவந்த இனம். இனிப்பு மிதம், நார் கொஞ்சம் உண்டு. ஆனால் பாதியாக வெட்டினால் நடுவில் அழகான குழி அமையும். வெண்ணெயும் கொட்டையும் வைக்க அதைவிடத் தோதான காய் இல்லை.

டெலிகாட்டா நீளமாக, மஞ்சளில் பச்சைக் கோடு போட்டது. 1894 முதலே விதைக் கடைகளில் இருக்கிறது. தோலோடு சாப்பிடலாம். வேலைவிட்டு வந்து அவசரமாகச் சமைக்கிற நாளுக்கு இதுதான்.

கபோச்சா ஜப்பானியர் கொண்டாடும் வகை. கொட்டை மணம் காயிலேயே வேண்டும் என்பவர்கள் இதைத்தான் வாங்க வேண்டும். சதை மாவாக, வறண்டு இருக்கும். என்னைக் கேட்டால் எல்லாவற்றிலும் இதற்குத்தான் முதல் இடம். வெட்டுவது மட்டும் சிரமம். சாம்பல் நீல நிறத்தில் மலைபோலக் கிடக்கும் ஹப்பர்ட் கூட்டுக் குடும்பத்துக்கான காய். அதைத் துண்டாக விற்றால் வாங்குங்கள்.

ஸ்பெகட்டி ஸ்குவாஷ் இந்த வேலைக்கு ஆகாது. அதன் சதை நூல்நூலாகப் பிரியும். ஹாலோவீனுக்கு முகம் செதுக்கும் பெரிய பூசணியும் வேண்டாம். அது அலங்காரத்துக்காக வளர்ப்பது, தண்ணீரும் நாருமாக இருக்கும்.

3. வாங்கிய அன்றே வெட்ட வேண்டாம்.

பட்டர்நட், கபோச்சா, ஹப்பர்ட் மூன்றும் பறித்தவுடன் முழு ருசியில் இருப்பதில்லை. பறித்த பிறகும் காய் உயிரோடுதான் இருக்கிறது. அதிலுள்ள மாவுச்சத்து மெல்ல மெல்லச் சர்க்கரையாக மாறுகிறது. அதனால்தான் விவசாயிகள் பறித்த காயைப் பத்து நாள்வரை 80, 85 டிகிரி பாரன்ஹீட் வெப்பத்தில் போட்டுத் தோலை இறுகவிட்டுப் பிறகு சேமிப்பறைக்குக் கொண்டுபோகிறார்கள். பட்டர்நட்டுக்கு ஒரு மாதம் பொறுத்தால் வித்தியாசம் நாக்கில் தெரியும். கபோச்சாவுக்கு ஒன்றரை மாதம்கூடக் கொடுக்கலாம். ஏகார்னுக்கும் டெலிகாட்டாவுக்கும் இந்தப் பொறுமை தேவையில்லை. அவை வாங்கியதுமே தயார். நாள் போகப்போக அவற்றின் ருசி குறையும்.

வைக்கும் இடம் 50 முதல் 55 டிகிரி இருந்தால் நல்லது. பேஸ்மென்ட் உள்ள வீடு என்றால் கவலையே இல்லை. அபார்ட்மென்ட்டில் இருப்பவர்கள் ஹீட்டருக்குத் தள்ளி, வெளிச்சுவரை ஒட்டிய அலமாரியில் வையுங்கள். முழுக்காயை ஃப்ரிட்ஜில் வைக்கவே கூடாது. 50 டிகிரிக்குக் கீழே போனால் குளிர் தாக்கிச் சதை கெடும். ஆப்பிள் கூடைக்குப் பக்கத்திலும் வேண்டாம். ஆப்பிளிலிருந்து வரும் எத்திலீன் வாயு காயைச் சீக்கிரம் வயதாக்கிவிடும். ஒன்றோடொன்று உரசாமல் வைத்து, வாரம் ஒருமுறை புரட்டிப் பாருங்கள். ஏகார்ன் ஐந்திலிருந்து எட்டு வாரம், பட்டர்நட் இரண்டு மூன்று மாதம், ஹப்பர்ட் ஐந்தாறு மாதம் தாங்கும்.

இந்தக் காயின் பெருமையே அதுதான். கோடையில் விளைந்து, உறைபனிக்கு முன் பறிக்கப்பட்டு, பனிக்காலம் முழுக்கச் சோறு போடும். இந்த மண்ணின் பூர்வகுடிகள் மக்காச்சோளம், பீன்ஸ், ஸ்குவாஷ் மூன்றையும் ஒரே மேட்டில் விதைத்தார்கள். சோளத்தட்டையில் பீன்ஸ் கொடி ஏறும், ஸ்குவாஷ் இலை தரையை மூடிக் களையையும் வெயிலையும் தடுக்கும். ஹோடெனோஷோனி மக்கள் மூன்றையும் சகோதரிகள் என்றே சொல்கிறார்கள். நாம் இன்று ட்ரேயில் போட்டுச் சுடுகிற காய், இந்தக் கண்டத்துப் பூர்வகுடிகள் தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்துக் காத்துவந்த விதைகளின் வழி வந்தது. அதைச் சமைக்கிறவர்களுக்கு அந்த நன்றி இருக்க வேண்டும்.

4. வெட்டும்போது அவசரமே கூடாது.

ஸ்குவாஷ் வெட்டப்போய்க் கையைக் கிழித்துக்கொண்டவர்கள் ஏராளம். ஊரிலிருந்து கொண்டுவந்த சின்னக் காய்கறிக் கத்தி இதற்கு உதவாது. கனமான, கூரான, நீளக் கத்தி வேண்டும். பலகைக்கு அடியில் ஈரத்துணியை மடித்துப் போட்டால் பலகை நகராது. பட்டர்நட்டின் இரண்டு முனையையும் சீவி, கழுத்தையும் வயிற்றையும் முதலில் பிரித்துவிடுங்கள். பிறகு தட்டையான பக்கம் பலகையில் படும்படி நிறுத்தி வெட்டுங்கள். உருளுகிற காயை ஒருநாளும் வெட்டாதீர்கள்.

ஏகார்னுக்கு வரிவரியாகப் பள்ளம் இருக்கிறதல்லவா, அந்தப் பள்ளத்தில் கத்தியை இறக்குங்கள். காம்பை வெட்ட முயலாதீர்கள். காம்பின் இரண்டு பக்கமும் வந்து நிறுத்திவிட்டுக் கையால் பிளந்தால் பிரிந்துவிடும். கபோச்சா மசியவில்லையென்றால் நாலைந்து இடத்தில் குத்திவிட்டு மைக்ரோவேவில் இரண்டு மூன்று நிமிடம் வையுங்கள். தோல் இளகும். குத்தாமல் வைத்தால் உள்ளே ஆவி சேர்ந்து வெடிக்கும்.

இன்னொரு விஷயம். பக்கத்துத் தெருவிலிருக்கும் பெண் ஒருத்தி பட்டர்நட் தோலைச் சீவிக்கொண்டிருந்தவள், “பெரியம்மா, கை தோலெல்லாம் இழுத்துப் பிடிக்குது, எனக்கு ஏதாவது அலர்ஜியா?” என்று பயந்துபோய்க் கேட்டாள். விரல் நுனியெல்லாம் மெழுகு தடவிக் காய்ந்த மாதிரி சுருங்கி, ஆரஞ்சாக இருந்தது. “பயப்படாதேம்மா, காயின் பால் பட்டது” என்று எண்ணெய் தேய்த்துக் கழுவச் சொன்னேன். பட்டர்நட்டின் சாறு பலருக்கு இப்படிச் செய்யும். சிலருக்குத் தோல் உரியக்கூடச் செய்யும். கையுறை போட்டுக்கொள்ளுங்கள். இல்லையென்றால் பலாப்பழம் அறுக்கும்போது தடவுவதுபோல முன்கூட்டியே கையில் கொஞ்சம் எண்ணெய் தடவிக்கொள்ளுங்கள்.

5. ஓவனைக் காலி செய்யுங்கள்.

நம் வீடுகளில் ஓவன் என்பது வாணலியும் குக்கரும் அடுக்கிவைக்கிற இடம். சூடுபோடும் முன் திறந்து பார்ப்பதை வழக்கமாக்கிக்கொள்ளுங்கள். பிளாஸ்டிக் மூடி ஒன்று உள்ளே கிடந்தாலும் உருகிவிடும், வீடே புகையும்.

சூடேறியதும் ஓவன் மணி அடிக்கும். அதை நம்பி உடனே ட்ரேயை வைக்காதீர்கள். காற்று சூடாகியிருக்கும், சுவர்கள் சூடாகியிருக்காது. இன்னும் பத்து நிமிடம் விடுங்கள். பழைய ஓவன்கள் காட்டும் டிகிரிக்கும் உள்ளே இருக்கும் டிகிரிக்கும் 25, 30 வித்தியாசம் இருப்பது சகஜம். உள்ளே தொங்கவிடும் சின்னத் தெர்மாமீட்டர் ஒன்று வாங்கிவிட்டால் அந்தக் குழப்பம் தீரும்.

ட்ரேயை வெளியே எடுக்க ஈரத்துணியை மட்டும் பயன்படுத்தாதீர்கள். அடுப்படியில் கைக்குக் கிடைத்த துணியால் பாத்திரம் இறக்கிப் பழகியவர்கள் நாம். 400 டிகிரி ட்ரேயில் ஈரத்துணி பட்டால் அந்த ஈரம் நொடியில் ஆவியாகிக் கையைச் சுட்டுவிடும். காய்ந்த, தடித்த ஓவன் கையுறை அவசியம்.

6. தண்ணீர் ஊற்றாதீர்கள், மூடாதீர்கள், நெருக்காதீர்கள்.

எல்லாவற்றிலும் முக்கியமான அறிவுரை இது. காய் வேக வேண்டுமென்றால் கொஞ்சம் தண்ணீர் தெளித்து மூடி வைக்க வேண்டும் என்பது நம் கையில் ஊறிப்போன பழக்கம். இங்கேயும் சிலர் ட்ரேயில் அரை அங்குலம் தண்ணீர் ஊற்றி ஏகார்னைக் கவிழ்த்து வைப்பார்கள். காய் வெந்துவிடும், உண்மைதான். ஆனால் அது ஆவியில் வெந்த காய். வெளுத்து, தண்ணீர் கோத்து இருக்கும். தண்ணீர் இருக்கிறவரை காயின் மேல்பரப்பு 212 டிகிரியைத் தாண்டாது. அந்த ஈரம் வற்றிய பிறகுதான் மேல்பரப்பு இன்னும் சூடாகி, சர்க்கரையும் புரதமும் சேர்ந்து சிவக்கும். நீங்கள் தேடுகிற இனிப்பும் கொட்டை மணமும் அந்தச் சிவப்பில்தான் பிறக்கின்றன.

துண்டுகளைக் கழுவினால் நன்றாகத் துடைத்துவிடுங்கள். பெரிய ட்ரே எடுத்து, துண்டுக்குத் துண்டு விரல் நுழையும் இடைவெளி விட்டுப் பரப்புங்கள். ஒரு ட்ரேயில் அடங்கவில்லையென்றால் இரண்டு ட்ரே. குவித்து வைத்தால் ஒன்றின் ஆவி இன்னொன்றை அவித்துவிடும். உயரமான கண்ணாடிப் பாத்திரத்தைவிட விளிம்பு குட்டையான உலோக ட்ரே மேல். அடியில் பார்ச்மென்ட் தாள் விரித்தால் ஒட்டாது, கழுவும் வேலையும் குறையும்.

7. துண்டு போட்டுச் சுடுவது இப்படி.

இரண்டு பவுண்டு பட்டர்நட் ஒன்று. தோல் சீவி, விதை எடுத்து, ஒரு அங்குலச் சதுரமாக வெட்டுங்கள். எல்லாத் துண்டும் ஒரே அளவு இருக்க வேண்டும். சின்னது கருகும்போது பெரியது வேகாமல் இருந்தால் ஒன்றும் செய்ய முடியாது. இரண்டு மேசைக்கரண்டி எண்ணெய், முக்கால் தேக்கரண்டி உப்பு, கொஞ்சம் மிளகுத்தூள் போட்டுக் கையால் பிசறி ட்ரேயில் பரப்புங்கள். ஓவன் 425 டிகிரி பாரன்ஹீட், செல்சியஸில் சொன்னால் 220. இருபது நிமிடம் தொடாதீர்கள். பிறகு தட்டைக் கரண்டியால் புரட்டி, இன்னும் பத்துப் பதினைந்து நிமிடம் விடுங்கள். ஓரங்கள் நல்ல பழுப்பாகி, கத்தி முனை தடையில்லாமல் இறங்கினால் எடுத்துவிடலாம். இருபது நிமிடத்துக்குள் நாலு தரம் திறந்து கிளறுகிறவர்களுக்குச் சிவந்த ஸ்குவாஷ் கிடைக்காது.

டெலிகாட்டாவை நீளவாக்கில் பிளந்து, விதையை வழித்து, அரை அங்குலப் பிறைகளாக நறுக்குங்கள். தோல் சீவ வேண்டாம். இதே சூட்டில் இருபது, இருபத்தைந்து நிமிடம்.

8. பாதியாகச் சுடுவது இப்படி.

ஏகார்ன், ஹனிநட் இரண்டுக்கும் இதுதான் முறை. விதையையும் நாரையும் சுரண்டி எடுத்து, வெட்டிய முகத்தில் எண்ணெய் தடவி, உப்புத் தூவி, 400 டிகிரி ஓவனில் கவிழ்த்து வையுங்கள். கவிழ்ந்த காய்க்குள் அதன் சொந்த ஆவியே சுற்றி உட்சதையை வேகவைக்கும். ட்ரேயைத் தொடும் விளிம்பு சிவக்கும். ஏகார்னுக்கு முப்பது, முப்பத்தைந்து நிமிடம். ஹனிநட் சிறியது, இருபதாவது நிமிடமே பார்க்கத் தொடங்குங்கள். பிறகு நிமிர்த்தி, குழியில் வெண்ணெய் போட்டு, சதைமேல் தடவிவிட்டு, இன்னும் பதினைந்து இருபது நிமிடம். அந்தக் கடைசிப் பதினைந்து நிமிடத்தைச் சோம்பலால் விட்டுவிடாதீர்கள். உள்ளே தேங்கிய ஈரம் வற்றுவது அப்போதுதான்.

ஏகார்ன் உருண்டு கவிழ்ந்துகொண்டே இருந்தால் அடியில் மெல்லிய வட்டம் சீவிவிடுங்கள், உட்காரும்.

9. இனிப்பைக் கடைசியில், குறைவாகச் சேருங்கள்.

நல்ல காய் என்றால் இனிப்பே சேர்க்காமல் சாப்பிடலாம். சேர்க்க விரும்பினால் மேப்பிள் சிரப். மேப்பிள் மரத்தின் சாற்றை ஏறத்தாழ 40 லிட்டர் காய்ச்சினால்தான் ஒரு லிட்டர் சிரப் கிடைக்கும். குளிர் தளரும் நாள்களில் வெர்மான்ட் பக்கம் போனால் சர்க்கரைக் கொட்டகைகளில் அந்த ஆவி எழுவதைப் பார்க்கலாம். அவ்வளவு உழைப்பு அடங்கிய பொருளை அரைக்கோப்பை அரைக்கோப்பையாக ஊற்ற வேண்டியதில்லை. இரண்டு பவுண்டு காய்க்கு ஒரு மேசைக்கரண்டி போதும். கருநிறச் சிரப்பாகப் பார்த்து வாங்குங்கள், மணம் அதிகம். பான்கேக் சிரப் என்று மலிவாக விற்பது வேறு. அது பெரும்பாலும் கார்ன் சிரப்பில் நிறமும் மணமும் சேர்த்தது.

சிரப்பானாலும் பழுப்புச் சர்க்கரையானாலும் முதலிலேயே பிசறினால் காய் வேகும் முன் அது கருகிக் கசக்கும். கடைசி எட்டு, பத்து நிமிடம் இருக்கும்போது தடவுங்கள். மார்ஷ்மெல்லோ தூவுவது இந்த ஊரில் சில வீடுகளில் உண்டு. நான் வேண்டாம் என்பேன். காயின் ருசி அடியோடு மறைந்துவிடும்.

10. வெண்ணெயைச் சிவக்கக் காய்ச்சுங்கள்.

கொட்டை மணத்துக்குக் கொட்டை மட்டும் போதாது. வெண்ணெயிலும் அந்த மணம் ஒளிந்திருக்கிறது. நெய் காய்ச்சத் தெரிந்தவர்களுக்கு இது மிக எளிது. நெய்க்கு நாம் கசண்டை வடிகட்டி ஒதுக்கிவிடுகிறோம். இங்கே அந்தக் கசண்டுதான் நமக்கு வேண்டும்.

நாலு மேசைக்கரண்டி உப்பில்லாத வெண்ணெயை, அடி வெளிறிய நிறத்திலுள்ள பாத்திரத்தில் மிதமான தீயில் உருக்குங்கள். கறுப்பு நான்ஸ்டிக்கில் நிறம் தெரியாது. முதலில் சடசடவென்று சத்தம் வரும். தண்ணீர் போகிற சத்தம் அது. சத்தம் அடங்கி நுரை எழும். நுரையை விலக்கிப் பார்த்துக்கொண்டே கிளறுங்கள். அடியில் சின்னச் சின்னத் துகள்கள் பொன்னிறமாகி, பிறகு பழுப்பாகும். வறுத்த கொட்டையின் வாசனை மூக்கில் ஏறும். அந்த நொடியே இறக்கி வேறு கிண்ணத்தில் ஊற்றிவிடுங்கள். அடுப்பை அணைத்துவிட்டுப் பாத்திரத்திலேயே விட்டால் பாத்திரத்தின் சூடே அதைக் கரித்துவிடும். சேஜ் இலை கிடைத்தால் ஐந்தாறு இலையை அந்த வெண்ணெயில் மொறுமொறுவென்று பொரித்து மேலே நொறுக்கிப் போடுங்கள். இந்த வெண்ணெயைச் சுட்ட காயின்மேல் பரிமாறும்போது ஊற்றினால் போதும். துகளையும் சேர்த்து ஊற்றுங்கள்.

11. கொட்டையைத் தனியாக வறுங்கள்.

பீக்கன், வால்நட், ஹேசல்நட் எதுவானாலும் காயோடு சேர்த்து ஓவனில் போடாதீர்கள். காய்க்கு முப்பத்தைந்து நிமிடம் வேண்டும், கொட்டைக்கு ஏழெட்டு நிமிடம் போதும். 350 டிகிரியில் தனி ட்ரேயில் முழுசாக வறுத்து, ஆறவிட்டு, பிறகு நறுக்குங்கள். என் தேர்வு பீக்கன். அதுவும் இந்தக் கண்டத்து மரம், இலையுதிர்காலத்தில்தான் அறுவடை, மேப்பிளோடு நன்றாகச் சேரும். வால்நட்டின் லேசான துவர்ப்பு கபோச்சாவுக்குப் பொருந்தும்.

வாங்கும்போது ஒன்றை மென்று பாருங்கள். பழைய கொட்டை சிக்கு வாடை அடிக்கும், வறுத்தால் அது போகாது. மிச்சத்தை ஃப்ரீசரில் வையுங்கள். விருந்தாளிகள் வந்தால் கொட்டை ஒவ்வாமை யாருக்காவது உண்டா என்று வாய்விட்டுக் கேட்காமல் மேலே தூவாதீர்கள். அது விளையாட்டல்ல, உயிர் சம்பந்தப்பட்டது. அவர்களுக்கு அடுத்த பத்தியில் சொல்லும் விதையே போதும்.

12. விதையைக் குப்பையில் போடாதீர்கள்.

நார் போக அலசி, துணியில் ஒற்றி, ஒரு மணி நேரம் காயவிடுங்கள். கொஞ்சம் எண்ணெயும் உப்பும் பிசறி 300 டிகிரியில் பதினைந்து, இருபது நிமிடம். பட்டர்நட் விதையின் தோல் மெல்லியது, அப்படியே மெல்லலாம். மிளகாய்த்தூள் ஒரு சிட்டிகை சேர்த்தால் நம் பிள்ளைகள் காய் வருவதற்குள் விதையைத் தீர்த்துவிடுவார்கள்.

13. மசாலாவில் அடக்கம் வேண்டும்.

ஜாதிக்காய் கொஞ்சம், அல்லது பட்டை கொஞ்சம். இரண்டும் கிராம்பும் சுக்கும் சேர்த்து அள்ளிப்போட்டால் எல்லாக் காயும் ஒரே ருசியாகிவிடும். இனிப்பை எடுத்துக்காட்ட உப்பு வேண்டும், கடைசியில் நாலு சொட்டு எலுமிச்சைச் சாறு வேண்டும். காரம் விரும்புகிறவர்கள் மிளகாய்த்தூள் தூவலாம், நன்றாகவே இருக்கும். கறிவேப்பிலையும் கடுகும் தாளிக்கலாமா என்று கேட்காத பிள்ளையே கிடையாது. தாளியுங்கள், தடையில்லை. முதல் இரண்டு மூன்று தடவை வெறும் உப்பும் வெண்ணெயும் போட்டுச் சாப்பிட்டு, காயின் ருசி நாக்கில் பதிந்த பிறகு தாளியுங்கள்.

14. விருந்து நாளில் ஓவன் உங்களுக்குக் கிடைக்காது.

நவம்பர் நாலாவது வியாழன், நன்றி நவிலும் நாள். அன்று ஓவன் மணிக்கணக்கில் வான்கோழிக்குத்தான். ஸ்குவாஷை முந்தின நாளே வெட்டி மூடி ஃப்ரிட்ஜில் வைத்துவிடுங்கள். வெட்டிய காய்க்கு ஃப்ரிட்ஜ்தான் இடம். வான்கோழியை வெளியே எடுத்ததும் அறுப்பதற்கு முன் அரைமணி நேரம் ஆறவிடுவார்கள். அந்த அரைமணி உங்களுடையது. ஓவனை 425க்கு ஏற்றி ட்ரேயைத் தள்ளிவிடுங்கள். வெண்ணெயும் கொட்டையும் காலையிலேயே தயாராக இருக்கட்டும். வேறு வீட்டுக்குக் கொண்டுபோவதானால் சுட்டு முடித்து, ஆறவிட்டு, மூடாமல் கொண்டுபோய் அங்கே பத்து நிமிடம் சூடு செய்யுங்கள். சூடாக மூடினால் வேர்த்து நசநசவென்று ஆகிவிடும்.

இறைச்சி சாப்பிடாதவர்கள் அந்த மேசையில் வயிறு நிறையச் சாப்பிடக்கூடிய பண்டம் பெரும்பாலும் இதுதான். அதனால் தாராளமாகச் செய்யுங்கள்.

15. மிஞ்சினால் மூன்று நாள்.

மூடிய பாத்திரத்தில் ஃப்ரிட்ஜில் வைத்து, தோசைக்கல்லில் ஒரு சொட்டு நெய் விட்டுச் சூடாக்குங்கள். மைக்ரோவேவ் அதைத் தளர்த்திவிடும்.

16. சர்க்கரை நோய் உள்ளவர்கள் இதைக் காய்கறிக் கணக்கில் போடாதீர்கள்.

சமைத்த பட்டர்நட் ஒரு கப்பில் ஏறக்குறைய 80 கலோரி, 22 கிராம் கார்போஹைட்ரேட். சாதத்தைவிட எவ்வளவோ குறைவு, நார்ச்சத்தும் உண்டு. ஆனாலும் வெண்டைக்காயைப் போல அள்ளிவைத்துக்கொள்ள முடியாது. அன்றைக்குச் சாதத்தைக் குறைத்து, மேப்பிளை விட்டுவிட்டுச் சாப்பிடுங்கள். ஊரிலிருந்து பெற்றோர் வந்து தங்கும் வீடுகளில் இதைக் கவனத்தில் வையுங்கள். ஆரஞ்சு நிறம் தரும் பீட்டா கரோட்டின் கொழுப்போடு சேர்ந்தால்தான் உடம்பில் நன்றாகச் சேரும். அந்த வெண்ணெய் வீணில்லை.

17. கசந்தால் துப்பிவிடுங்கள்.

வெட்டிய காயில் ஒரு துணுக்கை நாக்கில் வைத்துப் பாருங்கள். கசந்தால் முழுக்காயையும் எறிந்துவிடுங்கள். குக்கர்பிட்டாசின் என்ற நச்சுப்பொருள் அது. சுட்டாலும் வேகவைத்தாலும் போகாது, வாந்தியும் வயிற்றுப்போக்கும் கடுமையாக வரும். கடைக் காயில் அபூர்வம். வீட்டுத் தோட்டத்தில் எடுத்துவைத்த விதையிலிருந்தும் குப்பைமேட்டில் தானாகவும் முளைத்த கொடிகளில்தான் கவனம் வேண்டும். அலங்காரச் சுரைகளோடு மகரந்தம் கலந்திருக்கலாம். காசு கொடுத்தோமே, விளைவித்தோமே என்று சகித்துக்கொண்டு சாப்பிடாதீர்கள்.

18. ஊரிலிருக்கும் உறவினர்களுக்கும் சொல்லுங்கள்.

பட்டர்நட்டும் நம் பரங்கிக்காயும் ஒரே தாவர இனம்தான். அமெரிக்கக் கண்டத்திலிருந்து கடல் கடந்து நம் ஊருக்குப் போய்ச் சேர்ந்த காய் அது. சின்ன ஓடிஜி அடுப்பு வைத்திருப்பவர்கள், நன்றாக முற்றிச் சதை ஆழ்ந்த ஆரஞ்சு நிறமுள்ள பரங்கியைத் துண்டு போட்டு இதே முறையில் சுடலாம். ஈரம் கொஞ்சம் அதிகம் என்பதால் பத்து நிமிடம் கூடுதலாகும். பீக்கனுக்குப் பதில் முந்திரியோ வறுத்த வேர்க்கடலையோ போதும்.

இந்தச் சனிக்கிழமை பண்ணைக் கடைக்குப் போனால் ஏகார்ன் ஒன்றும் பட்டர்நட் இரண்டும் வாங்குங்கள். ஏகார்னை அன்று இரவே சுடுங்கள். பட்டர்நட்டை அலமாரியில் வைத்து, வாங்கிய தேதியை ஒரு சீட்டில் எழுதிக் காம்பில் கட்டிவிடுங்கள். ஒரு மாதம் கழியாமல் கத்தியை எடுக்காதீர்கள்.